கெசியா சொன்னபடியே

கடித எண் 31
3 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை, முற்பகல் 10.20
இரும்புலியூர், தாம்பரம்

அன்புத் தங்கை தபீதாளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் வயதுக்கு உரிய நலத்தோடு இருக்கிறோம். அந்த மலைக்குளிரில் நீ எங்களைவிடத் திடமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் காலை ஜெபம்.

உன் கடிதமும் ஆறாம் கதையும் 29 ஜனவரி, புதன்கிழமை கிடைத்தன. கடிதத்தில் நீ தேதி போடவில்லை. ஐஸ்வால் தபால் முத்திரையும் மங்கலாக இருந்தபடியால், எந்த நாளில் எழுதினாய் என்பதை நான் ஊகிக்க வேண்டியதாயிற்று. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் செவிலியாக அங்கே போய், அந்த ஊர்க்காரரையே மணந்து, அவர் மறைந்த பின்னும் அங்கேயே தங்கிவிட்ட உனக்குத் தமிழ் சற்று மறந்திருக்கலாம். தேதி எல்லா மொழியிலும் உண்டு.

நூலின் முன்னுரையில் நம் வேலைமுறையைப் பின்வருமாறு எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் தெரிவி: 'மிசோ மொழியில் ஸோதான்புயி அம்மையார் எழுதிய ஒன்பது கதைகளை, அவருடைய அண்டை வீட்டில் வசிக்கும் என் தங்கை சொல்லுக்குச் சொல்லாகத் தமிழில் எழுதி அனுப்பினாள். முப்பத்தோர் ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவனாகிய நான் அவற்றைச் செப்பனிட்டேன். பின்பு ஒவ்வொரு கதையையும் என் மனைவி கெசியாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் புரியாத இடத்தை மீண்டும் எழுதினேன்.'

அவள் சொல்லும் கருத்துகளைத் தனித்தாளில், ஓர் எழுத்தும் திருத்தாமல் அனுப்ப வேண்டும் என்று ஸோதான்புயி அம்மையாரே கேட்டிருப்பதை முன்னுரையில் சேர்க்கவில்லை. என் தொழிலில் திருத்தாமல் அனுப்புவது என்பது கடினமான காரியம்.

ஆறாம் கதையை நேற்று ஆராதனை முடிந்து வந்த பின் படித்தேன். மணப்பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது ஒரு கறுப்புத் துணியையும் எடுத்துப் போகிறாள், பிற்காலத்தில் கணவன் இறந்தால் அவன் உடலை மூடுவதற்கு, என்ற இடம் வந்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த கெசியா கையை நிறுத்திவிட்டாள். எனக்குச் சற்றுக் கேட்கும் இடது காதருகே வந்து அவள் சொன்னதை இணைப்பில் காண்க. பொழிச்சலூரில் பிறந்தவளின் பேச்சு எப்படியோ அப்படியே இருக்கிறது.

அவளுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. லிஃப்ட் பழுது.

உன் அண்ணன்
ஜெபசீலன்

இணைப்பு: 1. ஆறாம் கதை, செப்பனிட்ட பிரதி. 2. கெசியா சொன்னபடியே, தாள் ஒன்று:

'கல்யாணத்தன்னிக்கே சாவுத்துணியும் எடுத்துகினு போணுமா? நல்ல ஊருதான் போ! ஆனா ஒண்ணு தபீதா, அந்த நேரத்துல புதுத்துணிக்குக் கடை கடையா அலையற பேஜாரு இல்ல பாரு. அந்தப் பொண்ணு புருசன் மேல கோவம் வந்தா துணிய எடுத்து வெய்யில்ல காயப்போடணும். மவன் அன்னிக்கு வாயத் தொறக்க மாட்டான்.'

*

ஐஸ்வால்
26 பிப்ரவரி 2025, புதன். (பாருங்கள், போட்டுவிட்டேன்.)

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இருவரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்திருக்கட்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை.

அண்ணியின் தாளை பி ஸோதான்புயிக்கு மிசோவில் சொன்னேன். (பி என்றால் இங்கே மூத்த பெண்களுக்கான மரியாதை, அண்ணா. முன்னுரையில் போட்டுக்கொள்ளுங்கள்.) துணியை வெய்யிலில் காயப்போடும் இடம் வந்ததும் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. எண்பத்தொரு வயது. "ஐம்பது வருடம் எழுதுகிறேன், இது எனக்குத் தோன்றவில்லையே" என்றார். அடுத்த பதிப்பில் சேர்க்கலாமா என்று அந்தத் தாம்பரத்து அம்மாவிடம் அனுமதி கேட்கச் சொன்னார்.

மறுநாள் காலை ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஒரு புவான்டும். அந்தக் கறுப்புத் துணிதான், நடுவே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்டது. "அவருக்கு என் பரிசு, கணவரை மிரட்ட" என்றார். பார்சலில் அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் யாருக்கும் சும்மா எதையும் கொடுக்கிறவர் இல்லை.

ஏழாம் கதையும் இதில் இருக்கிறது. 'ஏளனம்' வேறு, 'கிண்டல்' வேறுதானே? எனக்குக் குழம்புகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணியை மருத்துவரிடம் காட்டினீர்களா? லிஃப்ட் பழுது என்பது பதில் இல்லை.

தங்கை
தபீதாள்

*

கடித எண் 32
17 மார்ச் 2025, திங்கட்கிழமை, முற்பகல் 11.05
இரும்புலியூர், தாம்பரம்

அன்புத் தங்கை தபீதாளுக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் கெசியா. செவிலிக்கே வைத்தியம் சொல்ல அவள் தயங்குவதில்லை. மருத்துவர் அவளுக்கு இரண்டு மாத்திரைகள் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

துணி 11 மார்ச், செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கெசியா அதைப் பிரித்துத் தன் தோளில் போட்டுப் பார்த்தாள். பிறகு என் தோளில் போட்டு, கண்ணாடி முன் நிறுத்தி, "பொருத்தமாத்தான் கீது, அவசரமில்ல" என்றாள். பீரோவின் இரண்டாம் தட்டில், தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று நான் சொன்னால், எழுந்துபோய் அந்தப் பீரோவைத் திறந்து மூடுகிறாள்.

இனி ஒரு வருந்தத்தக்க செய்தி. 8 மார்ச், இரண்டாம் சனிக்கிழமை, நம் ஆலயக் கூடத்தில் கூடிய வாசகர் வட்டத்தில் ஆறாம் கதையைப் படித்தேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற துரைராஜ் கையை உயர்த்தி, என் இடது காதருகே வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஊர்க் கதையைப் படிக்கவே ஆள் இல்ல. இதுல ஒரு பேரும் வாயில நுழைய மாட்டேங்குது."

"அவங்க எல்லாம் பாக்க சைனாக்காரங்க மாதிரி இருப்பாங்களே, அவங்கதானே?" என்று சவுரிமுத்தும் அங்கேயே வந்து கேட்டார்.

"அவர்கள் நம் நாட்டவர். என் தங்கையின் கணவர் அவர்களில் ஒருவர்" என்றேன்.

"ஐயோ, அதுக்கில்ல சார். தங்கச்சி நல்லாருக்கட்டும். கதை எதுக்குன்னு கேட்டேன்."

அதன்பின் சமோசா வந்தது. மீதிக் கதையை யாரும் கேட்கவில்லை. பதிப்பகத்தாரும், எல்லாக் கதைகளும் வரட்டும், பார்க்கலாம் என்றே சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து கெசியாவிடம் சொன்னேன். "வுடுங்க. அவங்க சமோசாக்கு வந்தாங்கோ. நான் ஒர்த்தி கேக்கறேன் இல்ல, எனக்குப் படிங்க" என்று சொல்லி என் முன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏழாம் கதையை அன்றே படித்தேன்.

உன் அண்ணன்
ஜெபசீலன்

இணைப்பு: 1. ஏழாம் கதை, செப்பனிட்ட பிரதி. ('கிண்டல்' என்பதே சரி.) 2. கெசியா சொன்னபடியே, தாள் ஒன்று:

'கீழ் ஊர்லேர்ந்து வந்த வாத்தியாரு ஜோக்கு சொல்றாராம், மலை ஜனங்க ஒண்ணும் புரியாம மரியாதிக்கு சிரிக்குதாம், அந்தாளு தன்ன ஊரே கொண்டாடுதுன்னு நெனச்சிகினு கீறாராம். பாவம்! எங்க வூட்டுலயும் ஒர்த்தர் கீறாரு. நாப்பத்தெட்டு வருசமா சிரிச்சிகினு வர்றேன். அந்த அம்மா கிட்ட சொல்லு, துணி சேதில என் பேரு போட வாணாம், கத நல்லா வந்தா போதும்.'

*

ஐஸ்வால், மருத்துவமனை
20 ஏப்ரல் 2025, ஞாயிறு, ஈஸ்டர்

அன்புள்ள அண்ணா, அண்ணி,

உயிர்த்தெழுந்தவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும்.

பயப்படாமல் படியுங்கள். பத்து நாளுக்கு முன் நெஞ்சை அடைத்தது. ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடம் வேலை பார்த்த வார்டிலேயே படுத்திருக்கிறேன், என்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண் எனக்கே ஊசி போடுகிறாள், அதுவும் தப்பாக.

பி ஸோதான்புயி தினமும் வருகிறார். எட்டாம் கதையை அவர் சொல்லச் சொல்ல, நான் கட்டிலில் படுத்தபடியே தமிழில் எழுதினேன், கிறுக்கல் எழுத்தை மன்னியுங்கள். கலகக் காலத்தில் ராணுவத்தார் ஓர் ஊர் முழுவதையும் காலி செய்யச் சொல்லிச் சாலை ஓரத்தில் குடியேற்றுகிறார்கள். ஒரு நாய் மட்டும் தினமும் சாயங்காலம் பழைய ஊருக்குத் திரும்பிப் போகிறது. அவர் கண்ணால் பார்த்தது. "தாம்பரத்து அம்மா இதற்கு என்ன சொல்வார்?" என்று இப்போதே கேட்கிறார்.

இனி நான் விமானமும் ஏறக் கூடாதாம், நீண்ட பயணமும் கூடாதாம். போகட்டும். அண்ணி குரல் ஞாயிறுதோறும் போனில் கேட்கிறது, போதும்.

தபீதாள்

*

கடித எண் 33
12 மே 2025, திங்கட்கிழமை, முற்பகல் 10.45
இரும்புலியூர், தாம்பரம்

அன்புத் தங்கை தபீதாளுக்கு,

உன் கடிதத்தை கெசியா என்னிடமிருந்து வாங்கித் தானே படித்தாள். பிறகு முழங்காலிட்டாள். நீ தேறிவர வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் வேறு விண்ணப்பம் இல்லை.

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். கெசியா சென்ற வாரம் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து வந்தாள். நுரையீரலில் நீர் என்றார்கள், எடுத்துவிட்டார்கள்.

எட்டாம் கதையை இரண்டு தவணையாகப் படித்தேன். முதல் தவணையில் அவள் தூங்கிவிட்டாள். இரண்டாம் தவணையில் நாய் திரும்பிப் போகும் இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னாள். அவள் பேசியது குறைவு. அதிலும் சில வாக்கியங்களை உனக்கு எழுத வேண்டாம் என்றாள், எழுதவில்லை.

மருந்துகளை வேளை தவறாமல் சாப்பிடு.

உன் அண்ணன்
ஜெபசீலன்

இணைப்பு: 1. எட்டாம் கதை, செப்பனிட்ட பிரதி. 2. கெசியா சொன்னபடியே, தாள் ஒன்று:

'அந்த நாயிதான் கரீட்டு. பொழிச்சலூர் வூட்ட வித்துட்டு இந்த ஃபிளாட்டுக்கு வந்தப்புறம் கனவுல நானும் அந்த வூட்டுக்கே போயி வாசல் பெருக்கிகினு இருந்தேன். காலையில எழுந்தா கை வலிக்கும்.'

*

ஐஸ்வால்
2 ஜூன் 2025, திங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன், உங்கள் ஜெபத்தின் பலன். உங்கள் இருவருக்கும் இந்த மழைக்காலம் லேசாகக் கடந்து போகட்டும்.

இங்கே மழை பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. மண் சரிந்து சாலை அடைபடுகிறது, போன் பாதி நாள் செத்துக் கிடக்கிறது. நேற்று ஞாயிறு எப்படியோ கிடைத்தது. அண்ணி இருமிக்கொண்டே பேசினார்கள். "ஒண்ணியும் இல்ல தபீதா, ஏசி காத்து ஒத்துக்கல" என்றார்கள். உங்கள் வீட்டில் ஏசி கிடையாதே, அண்ணா?

கடைசிக் கதை, ஒன்பதாவது, இதோடு. மனைவியை இழந்த ஒருவன் வீடு. இங்கே துக்க வீட்டைத் தனியே விட மாட்டார்கள். அடக்கம் முடிந்து மூன்று நாள் சாயங்காலம் தெரு முழுவதும் அந்த வீட்டில் கூடிப் பாடும். கதை அவ்வளவுதான். பாடிக்கொண்டே இருக்கிறார்கள், அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் இதை எழுதுகையில் இரண்டு முறை எழுந்து போனேன்.

அண்ணியின் தாளுக்காக இரண்டு கிழவிகள் இங்கே காத்திருக்கிறோம்.

தபீதாள்

*

இரும்புலியூர், தாம்பரம்

அன்புத் தங்கை தபீதாளுக்கு,

இங்கே நலம். நீ நலமோடு இருக்கிறாய் என்று உன் கையெழுத்து சொல்கிறது. முன்னைவிட நேராக இருக்கிறது.

ஒன்பதாம் கதை கிடைத்தது. கெசியாவுக்குத் தொண்டை கட்டியிருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேச இயலாது. காது கேளாத நான் அதை எடுத்தும் பயன் இல்லை. ஆகவே அழைக்க வேண்டாம்.

கதைக்கு அடிக்குறிப்பு எழுதுவதற்காகச் சில ஐயங்கள்:

அந்த மூன்று நாளும் வருவோரை யார் அழைப்பது? அழைக்காமலே வருவார்களா? வீட்டுக்காரன் கதவைத் திறந்து வைத்தால் போதுமா? தேநீரை அவன் தயாரிக்க வேண்டுமா, வருவோர் கொண்டுவருவார்களா? வீட்டுக்காரன் காது கேளாதவனானால், பாடுவது அவனுக்கு எப்படித் தெரியும்?

மேலும், மணப்பெண் கொண்டுவரும் கறுப்புத் துணி கணவனுக்கு உரியது என்று அறிகிறேன். மனைவி முந்திக்கொண்டால், அதே துணியால் மனைவியை மூடலாமா? அல்லது அது முறைகேடா? விதி திட்டமாகத் தெரிய வேண்டும்.

உன் அண்ணன்
ஜெபசீலன்

இணைப்பு: கெசியாவின் கருத்து, தாள் ஒன்று:

'ஒன்பதாம் கதை உள்ளத்தை ஆழமாகத் தொடுகிறது. துக்கத்தில் இருப்போரைத் தனியே விடாத அச்சமூகத்தின் பண்பு பாராட்டத்தக்கது. ஆசிரியருக்கு என் வாழ்த்துகள்.'

*

ஐஸ்வால்
29 ஜூலை 2025, செவ்வாய்

அன்புள்ள அண்ணா,

நீங்களும் அண்ணியும் சுகம் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் கடிதம் எங்கெங்கோ கிடந்து வந்தது. அதில் தேதியும் இல்லை, எண்ணும் இல்லை. என் அண்ணன் எழுதியதுதானா என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வயதாகிறது உங்களுக்கும்!

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். யாரும் யாரையும் அழைப்பதில்லை, அண்ணா. சாவு தெரிந்தால் வருவார்கள். டீயை இளைஞர்கள் போட்டுக்கொள்வார்கள், வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். காது கேளாதவருக்கு எப்படி என்று பி ஸோதான்புயியைக் கேட்டேன். "பலகைத் தரை. அத்தனை பேர் பாடினால் உள்ளங்காலுக்குத் தெரியும்" என்றார்.

துணியைப் பற்றிக் கேட்டதற்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாராளமாக மூடலாம், எத்தனையோ வீட்டில் மூடியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் யார் விதியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அண்ணியின் தாளை அவருக்குச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "உடம்பு சரியில்லாதபோது சொன்னதாக இருக்கும்" என்றேன். தலையை ஆட்டினார்.

தொண்டை சரியானதும் அண்ணியை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

தபீதாள்

*

கடித எண் 34
18 ஆகஸ்ட் 2025, திங்கட்கிழமை, முற்பகல் 10.30
இரும்புலியூர், தாம்பரம்

அன்புத் தங்கை தபீதாளுக்கு,

இங்கே நலம். உன் மருந்துகளை மறவாதே.

உன் விளக்கங்கள் கிடைத்தன. துணியைப் பற்றிய விடையைக் குறித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் கதையைப் பற்றிய கருத்து ஸோதான்புயி அம்மையாருக்கு நிறைவு தரவில்லை என்று அறிந்து வருந்துகிறேன். கெசியா மேலும் கூறியதை இணைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்
ஜெபசீலன்

இணைப்பு: கெசியா சொன்னபடியே, தாள் ஒன்று:

'இன்னா தபீதா, இக்கதை மிகவும் நன்றாகக் கீது. அவ்வூர் மக்கள் பாடிகினு இருப்பது எனக்கு மிகவும் பிடித்துக் கீது. பேஜார் இல்லை.'

*

ஐஸ்வால்
5 செப்டம்பர் 2025, வெள்ளி

அண்ணா,

நலம் கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தாளை நான் பி ஸோதான்புயிக்குச் சொல்லவில்லை. நானே படித்தேன். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு உங்கள் தேதியில்லாத கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

ஒன்பதாம் கதையில் கறுப்புத் துணியே வரவில்லை, அண்ணா. அது ஆறாம் கதை. அதற்கு பிப்ரவரியிலேயே அடிக்குறிப்பு எழுதி முடித்துவிட்டீர்கள். ஜூலையில் அந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டீர்கள்?

அண்ணி எப்போது போனார்கள்?

நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது என்று எழுதினேனே. தாராளமாக மூடலாம் என்று எழுதினேனே.

அண்ணி இல்லை என்று நேற்று பி ஸோதான்புயியிடம் சொன்னேன். என் வீட்டிலாவது மூன்று நாள் கூடலாமா என்று கேட்டேன். அது போனவர் வீட்டில்தான் நடக்க வேண்டும், அந்த நாட்களில்தான் நடக்க வேண்டும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பாடவில்லை.

நான் வர முடியாது. மருத்துவரிடம் கேட்டேன், திட்டுகிறார்.

தேதியோடு எழுதுங்கள்.

தபீதாள்

*

கடித எண் 35
29 செப்டம்பர் 2025, திங்கட்கிழமை, முற்பகல் 9.50
இரும்புலியூர், தாம்பரம்

அன்புத் தங்கை தபீதாளுக்கு,

இங்கே நான் இருக்கிறேன். 'இருவரும்' என்ற சொல்லை ஜூன் மாதத்துக்குப் பின் உனக்கு நான் எழுதவில்லை. அந்த அளவில் நேர்மையாக இருந்ததாக எண்ணியிருந்தேன். மற்ற யாவும் பொய்.

14 ஜூன் 2025, சனிக்கிழமை, பிற்பகல். இந்தத் தேதியை இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன். உனக்கு அப்போதே எழுத உட்கார்ந்தேன். தலைப்பில் எந்தத் தேதியைப் போட்டாலும் அது அந்தச் சனிக்கிழமைக்குப் பிந்திய தேதியாகவே இருந்தது. ஆகவே போடவில்லை.

உன் நெஞ்சு தாங்காது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது முழுக் காரணம் அன்று. அவள் என்ன சொன்னாள் என்று கேட்டு எழுத, உலகத்தில் இரண்டு பேர் மீதம் இருந்தீர்கள். அந்தக் கேள்வி நின்றுவிடக் கூடாது என்றிருந்தேன்.

ஒன்பதாம் கதை அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. செப்பனிடும் வரை பொறுக்க மாட்டேன் என்றாள். சனிக்கிழமை பிற்பகல், உன் எழுத்தில் இருந்தபடியே படித்தேன். தலையணையை நிமிர்த்தி வைத்துக் கேட்டாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் ஏதோ சொன்னாள். முன்பெல்லாம் என் இடது காதருகே வந்து உரக்கச் சொல்வாள். அன்று எழுந்து வரவில்லை. நான் குனிந்து, மறுபடி சொல் என்றேன். அப்புறம் என்பதுபோலக் கையை அசைத்தாள். நான் தாளையும் பேனாவையும் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது சொல்வதற்கு அவள் இல்லை.

மறுநாள் கீழே கார் நிறுத்துமிடத்தில் குளிர்பெட்டியை வைத்தார்கள். பந்தல் போட ஃபிளாட் சங்கம் இசையவில்லை. ஆலயத்திலிருந்து நான்கு பேர் வந்து பாடினார்கள். இரண்டாம் சரணத்தில் மேல்மாடியிலிருந்து ஒருவர் இறங்கிவந்து, "சார், கொழந்த இப்பதான் தூங்குது, மைக்க கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கிறீங்களா?" என்று என் காதருகே பணிவாகவே கேட்டார். நிறுத்திவிட்டார்கள். எனக்கு மைக் இருந்தபோதும் கேட்கவில்லை, இல்லாதபோதும் கேட்கவில்லை. தரை சிமெண்டுத் தரை.

இப்போது துணியைப் பற்றி. நான் அதை மறக்கவில்லை, தபீதாள். பெட்டியை மூடுவதற்கு முன் மேலே போய், பீரோவின் இரண்டாம் தட்டைத் திறந்து, அதைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது எனக்கு அந்த ஐயம் வந்தது. அது கணவனுக்கு உரிய துணி. மனைவியை அதனால் மூடுவது ஒரு மக்களின் முறைக்கு மாறானால், அதை நெய்தவர்களுக்கு நான் செய்யும் அவமரியாதை ஆகுமே என்று நினைத்தேன். உறுதி செய்துகொள்ளாமல் ஒரு கமாவைக்கூட நான் மாற்றியதில்லை. உன்னைக் கேட்டு எழுதி விடை வரக் காலம் இல்லை. கீழே வண்டிக்காரர் முன்பே அவசரப்படுத்தியிருந்தார். துணியை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். கடையில் வாங்கிய வெள்ளைத்துணியால் மூடினோம்.

தாராளமாக மூடலாம் என்று நீ எழுதிய வரியை நாள்தோறும் எடுத்துப் பார்க்கிறேன். அதில் உன் பிழை ஒன்றும் இல்லை. வந்த கேள்விக்குச் சரியான விடையைத்தான் நீ அளித்தாய்.

அடக்கம் முடிந்த அன்று மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன். கதையில் வருகிறவனைப்போல உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனினும் திறந்து வைத்தேன். இரண்டாம் நாள் தண்ணீர் கேன் போடும் துரை வந்தார். "சார், கதவு பப்பரப்பான்னு தொறந்து கீது, கண்டவன் உள்ள பூந்துருவான். அம்மா இருந்தா வுடுவாங்களா?" என்று என் காதருகே வந்து கத்திச் சொல்லிவிட்டு, போகும்போது அவரே சாத்திவிட்டுப் போனார். நல்ல மனிதர். மூன்றாம் நாளும் திறந்தேன். லிஃப்ட் சரியாகிவிட்டபடியால் படிவழியே யாரும் போவதுமில்லை.

நூல் வெளிவராது. பதிப்பகத்தாரிடம் இருந்த எட்டுக் கதைகளையும் 22 செப்டம்பர், திங்கட்கிழமை திரும்பப் பெற்றுக்கொண்டேன். முகவரியில்லாத ஊருக்குக் கடிதம் எழுதுவதுபோல இருக்கிறது சார் இதெல்லாம், என்று அவர் சொன்னார், கடுமையாகச் சொல்லவில்லை. கெசியா ஒருத்திக்குப் புரியும்படி இந்தத் தமிழை எழுதினேன். வேறு யாருக்காகத் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸோதான்புயி அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஆகஸ்டில் நான் அனுப்பிய தாளைக் கிழித்துவிடு. நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் கேட்ட பேச்சு. ஒரு வரி எனக்கு வரவில்லை.

நெஞ்சில் வலி வந்தால் எழுதாமல் இருந்துவிடாதே. தேதி போடாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அண்ணன்
ஜெபசீலன்

இணைப்பு:
1. ஒன்று முதல் எட்டு வரையிலான கதைகள், செப்பனிட்ட பிரதி.
2. ஒன்பதாம் கதை, உன் எழுத்தில் உள்ளபடி, திருத்தங்கள் இல்லாமல்.
3. கெசியா சொன்னபடியே, ஒன்பதாம் கதைக்கு உரிய தாள் ஒன்று. அதில் எழுத்து இல்லை.
4. கறுப்புத் துணி: இணைக்கப்படவில்லை. பீரோவின் இரண்டாம் தட்டிலேயே இருக்கிறது. எடுத்துப் போர்த்த ஆள் இல்லை; இருப்பினும் அது எனக்கு உரியது.